பூவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

வேன் கிளம்பியதிலிருந்து லேபம்மாவின் வாய் ஓயவில்லை. ரத்த வங்கியின் லேபில் பரிசோதனை வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் குடும்பத்தில் அவளுக்கு அந்தப் பெயர். பேச்செல்லாம் மருமகளைப் பற்றித்தான்.

"கடற்கரையில எந்தச் செடியை வேணும்னாலும் காட்டுங்க அண்ணி. டக்குனு பேர் சொல்லுவா. தெரியாத செடின்னு ஒண்ணு அவளுக்குக் கிடையாது."

அண்ணி என்பது கணவரின் அக்கா. நாத்தனார் என்ற உறவுக்கு உரிய கடமைகளை ஒரு குறையும் வைக்காமல் செய்து வருபவர். மருமகள் ஒரு தாவரக் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். செடிகளை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, பெயர் எழுதி, இரும்பு அலமாரியில் அடுக்கும் வேலை. "காய்ஞ்ச கீரைக்கு மாசச் சம்பளமா!" என்று கல்யாணப் பந்தலிலேயே கேட்டவர் நாத்தனார். அந்த ஒரு சொல்லுக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கத்தான் லேபம்மா இந்தப் பயணத்தையே ஏற்பாடு செய்தாள் என்று சொன்னால் பொய்யில்லை.

"அத்தை, போதும்," என்று முழங்கையால் இடித்தாள் மருமகள்.

"நீ சும்மா இரு. உனக்குப் பெருமை பேசத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அது உண்மை. லேபம்மாவிடம் இன்னொரு பெருமைக் கதையும் உண்டு. ஒரு நாள் அவசரமாக ரத்தம் கேட்டு ஆள் ஓடி வந்தான். நோயாளியின் பழைய அட்டையில் ரத்த குரூப் இருந்தது. "அதையே எழுதிக் கொடுத்துடு, யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் மேலதிகாரி. இவள் மாட்டேன் என்று அடம்பிடித்து, புதிதாக ரத்தம் எடுத்து, சோதித்துப் பார்த்த பிறகுதான் பாட்டிலைத் தொட்டாள். இந்தக் கதையை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் சோதனை முடிவு வரும் இடத்தில் மட்டும் லேபம்மாவின் குரல் கம்மிவிடும். வந்தது அதே குரூப்தான். "அப்ப ரெண்டாவது தடவை எதுக்கு?" என்று நாத்தனார் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். இத்தனை வருடத்தில் அதற்கு ஒரு நல்ல பதில் அவளுக்குக் கிடைத்ததில்லை.

கடற்கரையில் இறங்கியதும் ஆரம்பம் அமர்க்களமாகத்தான் இருந்தது. ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலையைப் பார்த்து "அடும்பு" என்றாள் மருமகள். முள் உருண்டையாகக் காற்றில் உருண்டு ஓடியதைத் துரத்திப் பிடித்து, "இராவணன் மீசை. இப்படி உருண்டு போய்த்தான் விதை போடும்," என்றாள். லேபம்மாவின் நடையே மாறிவிட்டது. குடையைச் செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அப்போதுதான் நாத்தனார் மணல்மேட்டில் படர்ந்திருந்த ஒரு கொடியைக் காட்டினார். ஒரு காம்புக்கு மூன்று இலை.

மருமகள் மண்டியிட்டாள். இலையைத் திருப்பினாள், தடவினாள், கொடியைத் தூக்கிப் பார்த்தாள். பூவும் இல்லை, காயும் இல்லை.

"தெரியல பெரியம்மா."

நாத்தனாரின் மாப்பிள்ளை அதற்குள் செல்போனை நீட்டிப் படம் எடுத்துவிட்டார். "கடற்கரைப் பயறுன்னு சொல்லுது," என்றார். நல்ல மனிதர், போன் சொன்னதைச் சொன்னார்.

"தெரியாத செடியே கிடையாதுன்னியேம்மா!" நாத்தனாரின் குரலில் தேன் ஒழுகியது.

லேபம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. மருமகளின் பக்கத்தில் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "ஏதாவது ஒரு பேரைச் சொல்லித் தொலையேன்டி. இங்க யாருக்குத் தெரியப் போகுது?"

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. "எனக்குத் தெரியுமே அத்தை," என்றாள்.

லேபம்மாவுக்குச் சுரீர் என்றது. தான் சொன்ன சொல் யாருடைய சொல் என்று அடுத்த நொடியே புரிந்துவிட்டது. அந்த மேலதிகாரியின் வார்த்தை, அட்சரம் பிசகாமல், தன் வாயிலிருந்தே வந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

மற்றவர்கள் பசிக்கிறது என்று, தங்குவதற்காக எடுத்திருந்த வாடகை வீட்டுக்குத் திரும்பினார்கள். லேபம்மா திரும்பவில்லை.

"இப்ப என்ன செய்யணும்?"

"பூ தேடணும். இதே மாதிரி ரெண்டு கொடி உண்டு. மஞ்சளாப் பூத்தா பயறு, ஊதாவாப் பூத்தா அவரை. எனக்கும் பயறுன்னுதான் தோணுது. ஆனா தோணுறதை எப்படிச் சொல்றது?"

"சொல்லக் கூடாது," என்றாள் லேபம்மா அழுத்தமாக. குடையை விரித்து மருமகளின் தலைக்கு மேல் பிடித்தாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. செருப்புக்குள் மணல் சுட்டது. ஒவ்வொரு கொடியாக நுனிவரை பார்த்துக்கொண்டே போனார்கள். ஊதாவாக இருக்கட்டும், ஊதாவாக இருக்கட்டும் என்று லேபம்மா வேண்டாத தெய்வமில்லை. இடிந்த சுற்றுச்சுவர் ஒன்றின் நிழலில், இலைக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு ஒரு பூ இருந்தது. பளிச்சென்ற மஞ்சள்.

"பயறு!" மருமகளின் முகம் முழுக்கச் சிரிப்பு. போனிடம் தோற்ற வருத்தம் துளிகூட அதில் இல்லை. பூவுக்குப் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்து, இதழ்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். லேபம்மாவுக்கு முதலில் சப்பென்று ஆனது. பிறகு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு, குடையை அவள் பக்கம் இன்னும் சாய்த்தாள். இவள் என் வீட்டுக்கு வந்தவள், என்னைப் போலவே ஒருத்தி என்று நினைத்தாள். பெற்ற பிள்ளையிடம்கூட அவள் தன் சாயலைக் கண்டதில்லை.

வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். வாசலில் மணலைத் தட்டிவிட்டு உள்ளே வந்ததும் மருமகள் தானாகவே சொன்னாள். "பூ கிடைச்சது. பயறுதான். போன் சரியாத்தான் சொல்லியிருக்கு."

நாத்தனார் இதற்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாப்பிள்ளை அப்பவே சொன்னாரே! அப்ப ரெண்டாவது தடவை எதுக்கு?"

வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். லேபம்மாவும் சிரித்தாள். அது புதுசு.

"உங்க மாப்பிள்ளை சொன்னாரு அண்ணி. என் மருமக பார்த்தா."

சிரிப்பு அடங்கியது. மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு, "அந்தப் பூ எங்கே இருக்கு? நானும் பார்க்கணும்," என்று செருப்பைத் தேடினார்.

லேபம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். பிறகு, அனைவருக்கும் மனப்பாடமான அந்தப் பாட்டில் கதையை, முதல் முறையாக அதன் முடிவிலிருந்து ஆரம்பித்தாள்.

"கேளுங்க. ரெண்டாவது தடவையும் அதே குரூப்தான் வந்துச்சு."