உளுந்தின் மேல் நின்ற கார்

காராம் கார். ஜீப்பாகவும் இல்லாமல் காராகவும் இல்லாமல் நடுவில் ஒரு சாமான். தோஹாவிலிருந்து லீவில் வந்த கிளாட்சன் அதைத் தஞ்சாவூர் ஷோரூமில் எடுத்து, மாலையோடு எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். வந்தது பெண் பார்க்க. பெண்ணைப் பார்த்தது காபி ஆறுகிற நேரம். மிச்ச நேரமெல்லாம் கார்ப் புராணம்தான்.

என் மகள் சான்ட்ரா கால்நடை டாக்டர். முட்ட வருகிற மாட்டுக்கும் அசராமல் ஊசி போடுகிறவள், இந்த விஷயத்தில் மட்டும், "நீங்க பாத்து சரின்னா சரிப்பா" என்று முடிவை என் தலையில் கட்டிவிட்டாள். அவளோடு படித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். கல்யாணம் வைக்காத தவக்காலம் முடிந்து ஈஸ்டரும் போய்விட்டது, பையன் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறான், இதையும் தட்டிக்கழித்தால் மகளைக் கன்னியர் மடத்தில்தான் விட வேண்டும் என்று என் மனைவி காலையிலிருந்து என் காதைத் தின்றுகொண்டிருந்தாள்.

"அங்கிள், ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்றான் கிளாட்சன். மாமா என்று சொன்னால் வாய் கோணிக்கொள்ளும் போலிருக்கிறது. பிறகு தன் தாயாரிடம் திரும்பி, "அம்மா, நீயும் ஏறு. பின்சீட்டுல எவ்ளோ இடம் இருக்குன்னு அங்கிள் பாக்கட்டும்" என்றான்.

அமலோற்பவம் அம்மாளுக்கு மூட்டுவலி. பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து ஏறினார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஏறி இறங்க அந்தக் கார் சுகம்தான். குனிய வேண்டாம், எகிற வேண்டாம், நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்காரலாம். ஏசி நன்றாக இருந்தது. எங்கள் உரக்கடைச் சந்தில் திரும்புகிற அளவுக்குக் கச்சிதம். அவ்வளவுதான் புண்ணியக் கணக்கு. ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது இரைப்பு நோய்க்காரன் மாதிரி இழுத்தது. பின்கண்ணாடி தபால்பெட்டி வாய் அளவு. வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்னால் அமலோற்பவம் அம்மாள் "மாதாவே" என்கிறார். கூரையில் ஒரு ஜன்னல் வேறு. ஒரத்தநாட்டுச் சித்திரை வெயிலில் எவன் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு போவான்? அம்பாசடர் காலத்தில் பவுசு காட்ட ஆசைப்பட்டாலும் வழியில்லை, எல்லாரிடமும் ஒரே கார். இப்போது அற்பனுக்கு வாழ்வு வந்தால் குடைகூட வேண்டாம், கூரையே திறக்கிறது.

"கிரவுண்ட் கிளியரன்ஸ்தான் அங்கிள் மெயின்" என்றான். "அடியில அவ்ளோ ஒசரம். எந்தக் காட்டுலயும் போகும்."

"தோஹாவில காடு இருக்கா தம்பி?"

"இல்ல அங்கிள். அங்க கம்பெனி பஸ்லதான் போவேன்."

ஊரைத் தாண்டியதும் தார் ரோட்டில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. அறுப்புக் காலத்தில் எங்கள் பக்கம் ரோடுதான் களம். செடியைப் பிடுங்கி முழங்கால் உயரத்துக்குப் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்து அடித்துக் கொடுக்கும். ஏறினால் நிற்காமல் போக வேண்டும், அதுதான் வழக்கம். மினிபஸ்காரனிலிருந்து மொபெட்காரன் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.

உளுந்துக்காரி வள்ளியம்மை கையாட்டினாள். "நிக்காம போயிருங்க தம்பி. காஞ்ச செடி, சூடு பட்டா புடிச்சுக்கும்."

அவன் நடுப் பரப்பில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"எறங்கிப் பாருங்க அங்கிள். இவ்ளோ செடி கெடக்கு, அடியில படுதான்னு பாருங்க."

"முதல்ல வண்டிய எடுங்க தம்பி. அந்தம்மா சொல்றாங்கல்ல."

"அவங்களுக்கு என்ன தெரியும் இந்த வண்டியப் பத்தி?"

அம்மாவுக்கு ஏசி வேண்டுமென்று இன்ஜினை ஓடவிட்டுவிட்டு இறங்கினான். நானும் இறங்கித் தொலைத்தேன். அவன் குனிந்து, ஒரு குச்சியை அடியில் விட்டு எனக்கு அளந்து காட்டினான். இந்தக் கோமாளிக்கா என் பிள்ளையைக் கொடுப்பது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அடியில் நிஜமாகவே பற்றிக்கொண்டது. முதலில் கருகல் வாடை, பிறகு புகை, பிறகு படபடவென்று தீ.

கிளாட்சன் பாய்ந்து முன்கதவைத் திறந்தான். வண்டியை எடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். சீட்டில் கிடந்த தோள்பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ரோட்டோரம் போய் நின்றான்.

பின்சீட்டில் அமலோற்பவம் அம்மாள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். தன் அக்கா பிள்ளைகள் ஏறினால் விளையாட்டாகத் திறந்துவிடக் கூடாதென்று உள்ளிருந்து திறக்க முடியாமல் அவன்தான் பூட்டு போட்டு வைத்திருந்தான். அதை எடுத்துவிட அவனுக்கு நினைவு வரவில்லை. நான் வெளியிலிருந்து கதவை இழுத்தேன். மூட்டு மடங்காமல் அவர் தடுமாற, வள்ளியம்மை வந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். சேலை முந்தி கருகியிருந்தது. வேறு சேதமில்லை, கர்த்தர் காத்தார்.

உளுந்து வேலைக்கு வந்திருந்த பெண்கள் மண்ணை வாரிக் கொட்டினார்கள். அந்த வழியாக வந்த மினிபஸ்காரன் இறங்கி வந்து, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு காரைத் தள்ளி வெளியே விட்டான். தீ அடங்கியபோது காரின் அடிப்பக்கம் உருகித் தொங்கியது. வள்ளியம்மையின் உளுந்தில் பாதி சாம்பல்.

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு வீரம் வந்தது. "ரோட்டுல செடியப் போடுறது சட்டப்படி தப்பு. போலீஸ்ல கம்ப்ளெயிண்ட் குடுக்கப் போறேன்" என்று வள்ளியம்மையிடம் பாய்ந்தான்.

அவள் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். "குடுங்க தம்பி. ஆத்தாள உள்ள வச்சுட்டு என்னத்த அள்ளிட்டு வந்தீங்கன்னு கேப்பாங்க, அதையும் சேத்துச் சொல்லுங்க."

அவன் என்னிடம் திரும்பினான். "பாஸ்போர்ட் அங்கிள். விசா பேப்பர் எல்லாம் இதுலதான் இருக்கு. நீங்களே சொல்லுங்க, இது போனா என் வாழ்க்கையே போச்சு."

த்தூ என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். அவன் தாயார் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரைப் புளியமர நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். பாதி மடியில் சிந்தியது. மகன் தன்னைப் பார்ப்பான் என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் காரின் அடியில் டார்ச் அடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

என் போன் அடித்தது. மனைவிதான். "என்னங்க, எங்க இருக்கீங்க? சரின்னு சொல்லிட்டீங்களா? பாதருக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" அவள் குரல் மரத்தடி முழுக்கக் கேட்டது.

தாயை வைத்துக்கொண்டு மகனை எப்படி வேண்டாம் என்று சொல்வது? அமலோற்பவம் அம்மாள் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"நாந்தாம்மா பேசுறேன். இந்தச் சம்பந்தம் வேணாம்மா." கருகிய முந்தியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் பெத்துட்டேன், எனக்கு வேற வழியில்ல. உங்க பொண்ணுக்கு இருக்கு."