கடைசிக் கச்சேரிக்கு இரண்டாவது டிக்கெட்

விஸ்கான்சின் மலைச்சரிவில், ஆயிரக்கணக்கான வண்டிகள் நின்ற புல்வெளியில், என் மனைவி ஜெனீன் ஆள்காட்டி விரலை வானத்துக்கு உயர்த்திக்கொண்டு நடந்தாள். இந்தக் கூட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: டிக்கெட் இல்லை, யாராவது சும்மா கொடுங்கள். காசு பேசக் கூடாது, கெஞ்சவும் கூடாது. விரல் மட்டும்.

ஸ்லோ ஃபெரி குழுவின் கடைசிக் கச்சேரி அது. முப்பத்தைந்து வருஷம் பாடித் தீர்த்துவிட்டு, போதும் என்று அறிவித்துவிட்டார்கள். குலுக்கலில் எங்களுக்கு விழுந்தது ஒரே டிக்கெட். நீ போய்விட்டு வா என்று நான் சொன்னதும், "நீ இல்லாம நான் என்னிக்குப் போயிருக்கேன், ஆர்லன்?" என்று கண் கலங்கிவிட்டாள். இந்த விரல் எனக்காகத்தான்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே வேண்டுதல்: கடவுளே, யாரும் கொடுத்துத் தொலைக்கக் கூடாது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பதினெட்டு வருஷம், அறுபத்திரண்டு கச்சேரி. அவர்கள் பாட்டு ஒன்றுகூட எனக்குப் பிடிக்காது. ஒரே பாட்டை இருபது நிமிஷம் இழுப்பார்கள். முடிந்தது என்று எழுந்தால் மறுபடி ஆரம்பிப்பார்கள். காதில் பஞ்சு அடைத்து, அதன்மேல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டுதான் இத்தனை காலம் ஓட்டினேன்.

ஆனால் போகிற வழி இருக்கிறதே! வீட்டில் நாங்கள் பேசுவதெல்லாம் குப்பைத்தொட்டியைப் பற்றியும் கூரை ஒழுகலைப் பற்றியும்தான். வண்டியில் ஏறி நூறு மைல் தாண்டினால் ஜெனீன் வேறு பெண். தான் வேலை பார்க்கும் பல் டாக்டரிடம் வருகிறவர்களைப் போலவே பேசிக் காட்டுவாள், பக்கத்தில் போகும் வண்டிக்காரனைப் பற்றிக் கதை கட்டுவாள், வாய் ஓயாது. மொன்டானாவில் பெய்த ஆலங்கட்டி மழை, நெப்ராஸ்காவில் ஒரு சரக்கு ரயில் கடக்க நாற்பது நிமிஷம் காத்திருந்தது, எல்லாம் அந்தப் பாழாய்ப்போன குழு கொடுத்தவை. இனி அவர்கள் எந்த ஊருக்கும் போகமாட்டார்கள் என்றால் நாங்களும் போகமாட்டோம். அவர்கள் அறிவித்ததிலிருந்து மூன்று மாதமாக எனக்கு அந்தப் பயம்தான்.

சீஸ் ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு தாடிக்காரன், "என்கிட்ட ஒண்ணு அதிகமா இருக்கு, பிடி அண்ணே," என்று என் கையில் டிக்கெட்டைத் திணித்தான். ஜெனீன் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்துவிட்டு, சட்டை மாற்ற எங்கள் வண்டிக்கு ஓடினாள்.

பக்கத்தில் ஒரு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்தபடி ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். முழங்கால்மேல் விரலை நிமிர்த்தி வைத்திருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"எங்கேர்ந்தும்மா வர்ற?"

"கனடாவுல சஸ்காட்சுவான். மூணு நாள் பஸ்ல. அவங்களை ஒரு தடவைகூட நேர்ல கேட்டதில்ல சார்."

என் கை தானாக நீண்டுவிட்டது. அவள் போட்ட கூச்சலில் ஜெனீன் திரும்பி வந்தாள்.

"அந்தப் பொண்ணு ஏன் இந்தக் குதி குதிக்குது?"

"டிக்கெட் கிடைச்சிருக்கு."

"யார் குடுத்தா?"

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"ஆர்லன்!"

"எனக்கு அவங்க பாட்டு பிடிக்காது, ஜெனீன்."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து." சட்டைப் பையிலிருந்த பஞ்சை எடுத்துக் காட்டினேன்.

"அப்புறம் எதுக்குய்யா பதினெட்டு வருஷம் என் பின்னாலயே வந்த?"

"வண்டியில நீ பேசுவியே. அதுக்கு."

அவள் முகம் சிவந்துவிட்டது. "அறுபத்திரண்டு தடவை எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். அத்தனை தடவையும் பிரமாதம்னு சொன்னியே, பாவி!" அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். மலைக்குப் பின்னால் தாளம் அதிர ஆரம்பித்தது. உருளைக்கிழங்கு சாலட் டப்பாவைத் திறந்து, அப்படியே மூடி வைத்தேன். இத்தனை வருஷம் மறைத்தவன் இன்னும் மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

இடைவேளையின்போது வெயில் இன்னும் இருந்தது. காலியான புல்வெளியில் ஒருத்தி மட்டும் இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஜெனீன்!

நான் பதறி எழுந்தேன். "இன்னும் பாதி இருக்கே! வெளிய வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க!"

"தெரியும்." நாற்காலியை மடக்கி வண்டிக்குள் எறிந்தாள். "பாதி கேட்டேன், ஆசை தீர அழுதேன். மீதியை அந்தப் பொண்ணு கேட்டுக்குவா. வண்டியை எடு."

"என் மேல கோவம் போயிடுச்சா?"

"போறதா? இனிமேதான் இருக்கு உனக்கு. பதினெட்டு வருஷப் பொய்க்கு உன்னைத் திட்டித் தீர்க்க ஆயிரம் மைலாவது வேணும்."

"எந்த ஊருக்கு?"

"யாருக்குத் தெரியும்? இதுவரைக்கும் அவங்கதானே ஊரைச் சொன்னாங்க."

வாசலில் ஆரஞ்சு அங்கி போட்ட ஓர் அம்மாள் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வண்டி ஒன்றுதான் வெளியே போனது. அந்த அம்மாள் சாலையில் இறங்கி, இரு பக்கமும் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினாள்.

"எந்தப் பக்கம் போகணும்?"

நான் இடது என்றேன். அதே நேரம் ஜெனீன் வலது என்றாள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் சிரித்துக்கொண்டே இருந்தோம். அந்த அம்மாள் இரண்டு கைகளையும் விரித்தபடி நடுச்சாலையில் நின்றாள். இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துகொண்டிருந்தன.