யானைக்கால் மாத்திரை

அக்காவின் புருஷன் மணவாளனுக்கு வெட்கம் ஜாஸ்தி. பேரப்பிள்ளைகள் பார்த்த வயசு. ஆனாலும் விதையில் வீக்கம் கண்டதைப் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. என்னைத்தான் முதுநகர் டீக்கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"ஓதம்தான் மச்சான், வெதையில தண்ணி கோத்துக்கிறது. எங்க அண்ணனுக்கு வந்ததுதான. ஒங்கக்கா மலருக்குத் தெரிய வேணாம்."

கடலூரில் ஓதத்துக்கு யார் பயப்படுகிறார்கள்? யானைக்காலும் ஓதமும் ஒரே கொசு தந்த வரம். வருஷாவருஷம் வீடு வீடாக வந்து யானைக்கால் மாத்திரை கொடுப்பார்கள். பாதிப்பேர் விழுங்காமல் அலமாரியில் போட்டுவைப்பார்கள். நானும் பயப்படாமல் இருந்துவிட்டேன்.

வீக்கம் பெருத்துக்கொண்டே போனதும் சிதம்பரத்துக்கு இழுத்துப்போனேன். அது 2009 ஆடி. அக்காவிடம் கல்யாணத்துக்குப் போகிறோம் என்றோம். ஆடியில் கல்யாணம்! அவள் எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, வீக்கத்துக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தார். "தண்ணியா இருந்தா செவப்பா வெளிச்சம் தெரியும். இது கட்டி" என்றார்.

அந்த விதையையே எடுத்துவிட்டார்கள். வெட்டு அடிவயிற்றில்தான் என்பதால் அக்காவை வரவழைத்துக் குடலிறக்கம் என்று சமாளித்தோம். கட்டியின் ரிசல்ட் வந்ததும் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"லிம்போமா. நெறி கட்டுதுல்ல, அந்த நெறியில வர்ற கேன்சர். கழுத்து, அக்குள்லதான் சாதாரணமா வரும். அபூர்வமா இங்க ஆரம்பிக்கும். மருந்து ஏத்திப் பாப்போம். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்."

இனி மறைக்க முடியாது. வார்டு வாசலில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"மாத்திரையாலயா தேவா?"

"எந்த மாத்திரைக்கா?"

"அவுரு வேட்டிய எறக்கிக் கட்டுனப்பவே எனக்குத் தெரியும்டா. ஓதம்னு நெனச்சேன். கேட்டா கூனிக் குறுகிப் போயிடுவாரு. தெருவுல மிச்சம் கெடந்த யானைக்கால் மாத்திரைய எல்லாம் வாங்கியாந்து ரசத்துல கரைச்சு ஊத்துனேன். அதுலயே சரியாயிடும்னு இருந்துட்டேன்."

"மாத்திரையால இல்லக்கா" என்றேன். அது நிஜம். டாக்டர் கடைசியாகச் சொன்னதை மட்டும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இருவர் மேலும் ஆத்திரமாக வந்தது, என் மேலும்தான்.

கதவு திறந்தே இருந்திருக்கிறது. மாமா கட்டிலில் விழித்துக் கிடந்தார்.

"ரசம் கசந்துச்சு மலரு" என்றார். "சொன்னா நீ சங்கடப்படுவேன்னு குடிச்சிட்டேன்."