பென்சில் புள்ளி

...நிற்பதில் ஒன்றுமில்லை, பேருந்தில் நிற்காத நிற்பா, ஆனால் போன வார விற்பனையில் கடைசியாக வந்தவர் மட்டும் காலைக் கூட்டம் முடியும்வரை நிற்க வேண்டும், மற்றவர்கள் உட்கார்ந்தபடி செல்போனை நோண்டுவதுபோல் நடிப்பார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. தொடர்ந்து மூன்றாவது வாரம் நான். மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிச்சமூஞ்சி, சிரித்துக்கொண்டேதான் சொன்னான், இன்னும் ஒரு வாரம் நின்னா அப்புறம் வீட்டுலயே உட்காந்துக்கலாம் என்று. எல்லோரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்டவள், நானும் சேர்ந்து சிரித்தேன், எதற்குச் சிரித்தேன்?

பதினொரு மணிக்கு நர்ஸ் அம்மா வருகிறார், முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் ஓடிய ஓட்டத்துக்குக் கிடைத்த ஓய்வுத்தொகையோடு. முதலீடு சரிந்தால் என்ன செய்வீர்கள் என்கிற மாதிரி படிவத்தில் பன்னிரண்டு கேள்வி, பயப்படுகிறவர்களுக்கு முதல் கட்டம், துணிந்தவர்களுக்கு மூன்றாவது. மூன்றாவதில் டிக் விழுந்தால்தான் எங்களுக்குக் கமிஷன் கொழுத்த திட்டத்தை அவர் தலையில் கட்ட முடியும், மொத்தமும் முழுகிப்போகக்கூடிய திட்டம். அதனால் ஆள் வருவதற்கு முன்பே மூன்றாவது கட்டத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி, அதன்மேல் அவர்கள் டிக் போடுவார்கள், பிறகு ரப்பர். அவங்க கையால போட்டதுதானே என்பான் சிரிச்சமூஞ்சி. நேற்றே வைத்துவிட்டேன், பன்னிரண்டும். இல்லை, இந்த அம்மாவிடம் வேண்டாம்... கூட்டம் முடிந்ததும் ரப்பரை எடுத்து எல்லாவற்றையும் அழித்தேன், நாலு வருடத்தில் முதல் தடவை. பெரிய தியாகி! ஆனாலும் மனசு லேசாகத்தான் இருந்தது.

வந்தார், கண்ணாடியை மாட்டினார், படிவத்தைப் புரட்டிவிட்டு என் பக்கமே தள்ளினார்.

“எங்க டிக் போடணும்னு நீயே காட்டிடும்மா. நான் ஊசி போட்டப்ப யாரு கேள்வி கேட்டாங்க? நம்பி கையை நீட்டுனாங்க.”

சொல், படிச்சுப் பார்த்து உங்க இஷ்டப்படி போடுங்க என்று சொல், நாலு வார்த்தைதானே... வாயைத் திறந்தேன், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் நின்றுகொண்டிருப்பான், என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான், அடுத்த வாரமும் நிற்கவா, அப்புறம் வீடா... விரல் போய் மூன்றாவது கட்டத்தில் நின்றது, பின்னாலேயே அவர் பேனாவும் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லை, அவன் அறையில் விளக்குகூட எரியவில்லை, எப்போது வெளியே போனானோ. அப்படியென்றால் இந்த விரலை யார்...

“அடுத்தது?” என்றார் நர்ஸ் அம்மா.