வரதன் வீட்டுத் தொட்டில்

உத்திரமேரூர் கடைத்தெருவில் என் இட்லிக் கடைக்கு அடுத்ததாக வரதனின் வாடகை சைக்கிள் கடை, பின்கட்டில் அவன் வீடு. ஆறு சைக்கிள் வைத்திருந்தான். காசு கொடுத்து ஒன்றை வாங்குவது என்றால் அவனுக்கு வேப்பங்காய். எதையும் வாடகைக்கு எடுக்க வேண்டும், இல்லையென்றால் இரவல் கேட்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அந்தச் சாமானே தேவையில்லை என்று அர்த்தம். கல்யாணத்துக்கு அவன் கட்டியிருந்த பட்டு வேட்டியே இரவல். அதன் சொந்தக்காரர் தாலி கட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, கையோடு வாங்கிக்கொண்டு போனார். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்பேர்ப்பட்டவனின் பெண்டாட்டி ஆதிலட்சுமி முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதுதான் வழக்கம். தொட்டில், பால் புகட்டும் பாலாடை, அரைஞாண் எல்லாம் அங்கிருந்தே வந்துவிடும். அப்பன்காரன் கையை வீசிக்கொண்டு போய்ப் பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு வரலாம். வரதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சாலவாக்கத்தில் ஆதிலட்சுமியின் அம்மா, அவள் பாவாடை கட்டும் வயசிலேயே செத்துப்போனாள். அப்பா மறுகல்யாணம் செய்துகொண்டார். சித்திக்காரி, "அறுப்பு நேரம், தோதுப்படாது" என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டாள். பிரசவமும் செலவும் வரதன் தலையில் விழுந்தன.

ஒரு நாள் எனக்கு மாவாட்டிக் கொடுத்துக்கொண்டே ஆதிலட்சுமி சொன்னாள்: "பொண்ணு பொறந்தா எங்கம்மா பேரு வெக்கணும்க்கா. பச்சையம்மா. சித்தி வந்ததுலேர்ந்து அந்த வூட்ல ஒருத்தரும் அந்தப் பேர வாயால சொன்னதில்ல. எங்கப்பாகூட. எனக்கே மறந்துடுமோன்னு பயமா கீது."

வாசலில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த வரதனைக் கூப்பிட்டு, "கேட்டியாடா?" என்றேன்.

"வெச்சிட்டா போச்சு" என்றான், டியூபிலிருந்து தலையை எடுக்காமல்.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, நாலு பிள்ளை வளர்ந்த வீட்டின் பழந்துணிதான் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இதைக் கேட்ட நாளிலிருந்து வரதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. துணிக்கு உள்ள வழக்கத்தை மற்ற சாமான்களுக்கும் நீட்டிவிட்டான். முதலில் ரைஸ்மில் முனிரத்தினத்திடம் போனான். அவர் வீட்டுப் பரணில் தேக்குத் தொட்டில் ஒன்று கிடந்தது. சும்மா தருகிற மனுஷர் இல்லை அவர். பேரப்பிள்ளைகள் எல்லாம் ஆணாகவே பிறந்து, அவர் அம்மா ரங்கநாயகி பேரை வைக்க ஆளில்லாமல் ஏங்கிக்கொண்டிருந்தார். "பொண்ணு பொறந்தா உங்கம்மா பேரு மாமா" என்றான் வரதன். தொட்டில் இறங்கிவிட்டது.

ருசி கண்டுவிட்டான். அடுத்து லாடம் கட்டும் வீராசாமியிடம் வெள்ளி அரைஞாண். அதற்கு விலை, அவர் குலதெய்வம் எல்லம்மாவின் பேர். அப்புறம் ஒன்பது பெற்று ஒன்பதையும் வளர்த்த சிட்டம்மாளிடம் பழம்புடவை ஒரு மூட்டை. "உன் பேரையே வெக்கிறேன்" என்றதும் அந்த அம்மாள் வெட்கத்தில் இன்னும் இரண்டு புடவையைத் திணித்தாளாம். என்னிடமும் பாலாடை கேட்டு வந்து, "செல்லம்மான்னு..." என்று என் பேரையே இழுக்க ஆரம்பித்தான். இட்லிக் கரண்டியை ஓங்கினேன்.

"பெத்தவளுக்கு இன்னாடா சொல்லி வெச்சிக்கீற?"

"அவ வூட்டு ஆளுதானேக்கா. சொல்லிக்கலாம்."

பாலாடையைக் கொடுத்தேன். அவனுக்காக இல்லை, அவளுக்காக.

பெண்ணே பிறந்தது. ஆதிலட்சுமி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, யாரும் இல்லாத நேரத்தில் தன் அம்மா பேரைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். பேர் வைக்கும் புண்ணியதானத்துக்கு முதல் நாள் வரதனைப் பிடித்து உலுக்கினேன். அவனோ ரொம்பத் தெளிவாக இருந்தான். முனிரத்தினத்தை விடிந்ததும் வரச் சொல்லியிருந்தான், வீராசாமியை வெயில் ஏறியதும், சிட்டம்மாளைப் பொழுது சாய.

"நாலாம் நம்பர் சைக்கிள காலைல தபால்காரரு எடுக்கறாரு. மத்தியானம் வாத்தியாரு எடுக்கறாரு. ரெண்டு பேரும் என் வண்டின்னுதான் சொல்லிக்கினு கீறாங்க. சண்டையா வருது?"

"கொழந்த சைக்கிளாடா, பாவி?"

"பேர காதுலதானேக்கா சொல்லுவாங்க? ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்கு எங்க கேக்கப் போவுது? வூட்ல ஆதிலட்சுமி அவ இஷ்டத்துக்குக் கூப்ட்டுக்கட்டும்."

அசந்துபோனேன். கேட்கும்போது அது நியாயம் போலவே இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

ஆனால் ஒன்றை அவன் மறந்துவிட்டான். மறக்கவில்லை, அவனுக்குத் தெரியாது. காசு கொடுத்து ஒரு தினசரி காலண்டர்கூட வாங்காதவனுக்கு ராகுகாலம் எங்கே தெரியும்? விடிந்ததும் நேரம் சரியில்லை என்று முனிரத்தினம் தாமதித்தார். வெயில் ஏறினால் எமகண்டம் என்று வீராசாமி முன்கூட்டியே கிளம்பினார். பொழுது சாய்ந்தால் திதி மாறுகிறது என்று சிட்டம்மாளும் புறப்பட்டுவிட்டாள். ஊருக்கெல்லாம் ஒரே பஞ்சாங்கம், நல்ல நேரமும் ஒன்றுதான். மூன்று பேரும் வெற்றிலைத் தட்டோடு ஒன்றாக வாசலில் வந்து நின்றார்கள். வரதன் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு, காற்று நிறைந்த டயருக்கே காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"ரங்கநாயகி எங்க?" என்று கேட்டுக்கொண்டே முனிரத்தினம் உள்ளே போனார்.

"யாரு ரங்கநாயகி? எல்லம்மா!" என்றார் வீராசாமி.

சிட்டம்மாள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் பேரை வேறு யாரும் சொல்லவில்லையே என்று முழித்தாள். பிறகு புரிந்ததும் அவள் போட்ட சத்தத்தில் என் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையோடு எழுந்து வந்துவிட்டார்கள். பேச்சு முற்றியது. முனிரத்தினம் தொட்டிலைப் பிடித்து இழுத்தார். வீராசாமி பிள்ளையின் இடுப்பிலிருந்து அரைஞாணைக் கழற்றினார். சிட்டம்மாள் பிள்ளைக்குச் சுற்றியிருந்த தன் புடவைத் துண்டை உருவினாள். பிள்ளை பிறந்தமேனியாகக் கிடந்து வீறிட்டது. வரதன் மூலையில் நின்று, "இருங்க, இருங்க, ஆளுக்குக் கொஞ்ச நேரம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போல எனக்கு ஆத்திரம்.

ஆதிலட்சுமி எழுந்து வந்தாள். பிள்ளையை வாரி முந்தானைக்குள் சேர்த்துக்கொண்டாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை, அன்றைக்கும் உயரவில்லை.

"தொட்டில் குடுத்தீங்க, பேர் வெக்க வந்துட்டீங்க. அரைஞாண் கவுறு குடுத்தீங்க, துணி குடுத்தீங்க, நீங்களும் வந்துட்டீங்க. கொழந்தைய குடுத்தவ நானு. என்ன மட்டும் யாரும் இன்னா பேருன்னு கேக்கல."

அவள் பிள்ளையின் காதில் குனியவில்லை. கடைத்தெருவுக்கே கேட்கும்படி மூன்று தரம் சொன்னாள்: "பச்சையம்மா. பச்சையம்மா. பச்சையம்மா."

நான் அழுதுவிட்டேன். சிட்டம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே புடவைத் துண்டைத் திரும்பவும் பிள்ளைக்குச் சுற்றினாள். வீராசாமி அரைஞாணை மாட்டிவிட்டு, வரதனைப் பார்த்து நாகரிகமில்லாத வார்த்தை ஒன்றைச் சொன்னார். முனிரத்தினம் மட்டும் தொட்டிலை ஆள் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ரைஸ்மில்காரர் மனசு அவ்வளவுதான்.

மறுநாள் வரதன் கடையைச் சாத்திவிட்டு நாலாம் நம்பரில் காஞ்சிபுரம் போனான். திரும்பும்போது கேரியரில் ஒரு மரத் தொட்டில் கட்டியிருந்தது. புதுசு. ரொக்கம் கொடுத்து வாங்கியது. காய்ச்சல்காரன் மாதிரி முகம் வெளுத்திருந்தது. யாரோடும் பேசாமல், மட்கார்டில் நம்பர் போடும் வெள்ளைப் பெயின்ட்டை எடுத்து, தொட்டிலின் தலைமாட்டில் எழுத ஆரம்பித்தான்.

"அதுக்கும் நம்பரா?" என்றேன்.

"இல்லக்கா. பேரு."

பச்சையம்மா நடக்க ஆரம்பித்ததும் தொட்டில் கடை வாசலுக்கு வந்துவிட்டது. வாடகைக்குத்தான், பின்னே? போட்ட காசை எடுக்காமல் விடுவானா! தலைமாட்டில் இருந்த பேரைச் சொல்லித்தான் ஊரே வந்து, "பச்சையம்மா கீதா?" என்று தொட்டிலைக் கேட்டது. "ஐயங்கார்குளம் போயிக்கீது, அடுத்த மாசம் வரும்" என்று ஆதிலட்சுமி உள்ளேயிருந்து பதில் சொல்லுவாள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்த அறுப்புக் காலத்தில் சாலவாக்கத்திலிருந்து அவள் அப்பா வந்தார். சித்தியின் மகளுக்குப் பிரசவமாம். அந்தப் பெண்ணுக்கு மட்டும் அறுப்பு நேரம் தோதுப்பட்டுவிட்டது. கிழவர் மகள் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு கடையோடு நின்றுவிட்டார்.

"தொட்டில் வேணும் மாப்ள."

"எந்தத் தொட்டில் மாமா? பேரச் சொல்லிக் கேளுங்க" என்றான் வரதன். கடையில் இருந்ததே ஒரு தொட்டில்தான்.

கிழவர் தலைமாட்டைப் பார்த்தார். துண்டால் வாயைத் துடைத்தார். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது.

"பச்சையம்மா" என்றார்.

வரதன் தொட்டிலைத் தூக்கி அவர் வண்டியில் வைத்தான். கிழவர் மடியை அவிழ்த்துச் சில்லறையை எடுத்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"துட்டு வேணாம் மாமா. கொண்டாந்து வுடறப்பவும் பேரச் சொல்லிக் குடுங்க."