நப்லாவின் கலியாணக் கார்ட்

ஸைனம்பு கேக்குக்கு மாவு அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த மெசேஜ் வந்தது. கல்முனைக்குடியில் யார் வீட்டில் விசேஷமென்றாலும் கேக் ஓடர் அவளுக்குத்தான், அதுவும் வட்ஸ்அப்பில்தான். அதனால் ஊரில் பாதிப் பேருடைய நம்பர் அவள் போனில் கிடந்தது.

அனுப்பியவள் காரைதீவுத் தர்சினி, பழைய வாடிக்கைக்காரி. ‘என் மகளின் கலியாணம், கட்டாயம் வாங்க’ என்று ஒரு வரி. கீழே ஒரு பைல். பெரிய கேக்காக ஓடர் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில், மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதைத் தட்டினாள். இது எங்கிருந்தோ வந்த ‘அப்’ செயலி, போனுக்குக் கேடு வரலாம் என்று திரை எச்சரித்தது. போன் எதற்கெடுத்தாலும் பயங்காட்டும் என்பது அவள் எண்ணம். மெசேஜ் படிக்கலாமா, நம்பர்களைப் பார்க்கலாமா என்று அது கேட்டதற்கெல்லாம் சம்மதம் கொடுத்தாள். கார்ட் வரவில்லை. வெறும் வெள்ளைத் திரை. நெட் சரியில்லை போலும் என்று மாவுக்குத் திரும்பிவிட்டாள்.

கேக் வேகும் முன்பே ஒலுவில் துறைமுகத்து மீன் வியாபாரி அக்ரம் அழைத்தான்.

“மாஷா அல்லாஹ், ராத்தா! மகளுக்குக் கலியாணமாமே. மீனுக்கு வேற ஆள்ட்டச் சொல்லிராதீங்க.”

“எந்த மகளுக்கு?”

“ஒங்களுக்கு எத்தின மகள்?”

இருந்தது ஒரே மகள் நப்லாதான். மருந்துக் கடையில் வேலை செய்யும் அவள், கழற்றாத ஹெல்மெட்டோடு வாசலில் வந்து நின்றாள்.

“உம்மா, கடைக்கு வாற ஆக்களெல்லாம் எனக்குத் துஆச் செய்யிறாங்க. மாப்பிள்ள யாரெண்டாவது சொல்லுங்க!”

தன் போனை நீட்டினாள். தர்சினி அனுப்பிய அதே வரி, அதே பைல், ஸைனம்புவின் நம்பரிலிருந்து.

“இது கார்ட் இல்ல உம்மா, வைரஸ். ஒங்கட போன் தானாவே எல்லாருக்கும் அனுப்பிக்கிட்டிரிக்கி.”

“பேங்க் கோடும் மெசேஜிலதானே வாற!” என்ற ஸைனம்பு, மகளின் பதிலுக்குக் காத்திராமல் வைஃபையை நிறுத்தினாள். தலைத்துணியில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி, சிம்மைக் கழற்றினாள். நப்லாவின் போனிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொன்னாள். நல்லகாலம், ஒன்றும் போயிருக்கவில்லை. அடுத்து தர்சினியை அழைத்தாள்.

“எனக்கு மகளே இல்லியே அக்கா! ரெண்டும் ஆம்புளப் புள்ளயள்தானே. காலையிலேருந்து ஆக்கள் ஏன் கூப்பிடுறாங்க எண்டு விளங்காம இரிக்கன்.”

அது தெரிந்திருந்தும் தட்டினோமே என்று ஸைனம்பு தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு நப்லாவின் போனில் குரலைப் பதிந்து, ஊர்க் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினாள்:

“நான் கேக் ஸைனம்பு. எண்ட மகளுக்குக் கலியாணம் இல்ல. எண்ட நம்பர்ல வந்த கார்டத் தொறக்காதீங்க. தொறந்தா ஒங்கட வீட்டுலயும் கலியாணம்தான்!”

கணவனின் அக்கா றாபியா மட்டும் போனை எடுக்கவேயில்லை. ஸைனம்பு மகளின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறி அவள் வீட்டுக்கு விரைந்தாள். றாபியா சலாமுக்குப் பதில் சொன்னாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

“மதினி, கார்டத் தொறந்தீங்களா?”

“என்னத்துக்குத் தொறக்க? சொந்த மாமிக்குப் போன்லயா கார்ட்? வந்த கோபத்துல போன அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டன்.”

ஸைனம்பு சிரித்த சிரிப்பில் றாபியாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. விஷயத்தைச் சொல்லி முடித்தபோதுதான் அவளும் சிரித்தாள்.

அந்த வீட்டில் உட்கார்ந்தே வேலையை முடித்தார்கள். முதலில் நப்லாவின் போனிலிருந்து ஸைனம்புவின் பாஸ்வேர்டுகளை மாற்றினார்கள். ஸைனம்புவின் போனில் வைரஸை அழிக்கப் போனால் அது மறுத்தது. முழுப் போனையும் துடைத்தால்தான் நம்பலாம் என்றாள் நப்லா. ஸைனம்பு தயங்கினாள். இத்தனை வருடமாகச் செய்த கேக்குகளின் படங்களெல்லாம் அதில்தான் இருந்தன.

“அழி மகள்,” என்றாள் கடைசியில்.

பக்கத்திலிருந்து பார்த்த றாபியா, அலுமாரியைத் திறந்து தன் போனையும் எடுத்துவந்தாள். கண்ட கண்ட அப் உள்ளே வராதபடி அதையும் பூட்டித்தரச் சொன்னாள்.

படங்கள் போன கதை பரவியதும், வாடிக்கைக்காரர்கள் தங்களிடமிருந்ததை அனுப்பத் தொடங்கினார்கள். ஸைனம்பு ஒவ்வொருவரையும் அழைத்து, “நீங்கதான் அனுப்பினீங்களா?” என்று கேட்ட பிறகே திறந்தாள். அவள் எடுத்த படங்களில் கேக் மட்டும்தான் இருந்தது. இவற்றிலோ மூக்கில் கிறீம் பூசிய பிள்ளைகளும், கத்தி பிடிக்க வெட்கப்படும் மணப்பெண்களும் இருந்தார்கள்.