மூட்டைக்கட்டு

மூன்றாவது சுற்று முடிவதற்குள் ஆனந்தகுமாரின் கைகள் அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. முழங்கைக்குக் கீழே கல்லாக இறுகி, வலது கட்டைவிரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சாதாரண பைக் என்றால் முறுக்கலாம். இந்த நாலு சக்கர வண்டியில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரல் செத்தால் வண்டியும் செத்தது. கொட்டிவாக்கம் சவுக்குத் தோப்புக்குப் பின்னாலிருந்த மணல்மேட்டில் வண்டி முக்கி முனகி நின்றுவிட, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டுப் போனார்கள். நிஜமாகவே மண்தான். முகம் மூடாத ஹெல்மெட். அன்று மத்தியானம்வரை கடையில் கல்லாவில் உட்கார்ந்து துப்பிக்கொண்டிருந்தான்.

உஸ்மான் ரோட்டில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்தும் ஜவுளிக்கடை. இவன் நடுப்பிள்ளை, நாற்பதை எட்டிப் பார்க்கிற வயசு. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த அந்தக் குடும்பத்தில் லுங்கி விற்றவன் உண்டு, பட்டு விற்றவன் உண்டு, மணலில் ரேஸ் ஓட்டியவன் கிடையாது. எல்லாம் பரத்வாஜ் செய்த வேலை. மயிலாப்பூர்க்காரர், பாங்க் அதிகாரி, பையனின் பூணூலுக்கு வேட்டி எடுக்க வந்தவர். கப்பலில் வந்த பழைய ஜப்பான் வண்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்து, வேட்டியை மறந்துவிட்டு, இவனைத் தோப்புக்குக் கூட்டிப் போனார். ஒரு தடவை ஏறி உட்கார்ந்தான். அவ்வளவுதான், ஆள் காலி.

கை மரத்துப்போகிறது என்று சொன்னதும் ஆளுக்கொரு வைத்தியம். குளுக்கோஸ் கரைத்துக் குடி, முழங்கையை அகட்டி வை, தொடையால் வண்டியைக் கவ்வி எழுந்து நின்று ஓட்டு என்றார் பரத்வாஜ். மெக்கானிக் பீர் முஹம்மது ஹேண்டில்பாரை ஒரு விரற்கடை உயர்த்தி, பிடிக்குத் தடித்த ரப்பர் மாட்டினான். வயசாகிவிட்டது, பேசாமல் கல்லாவில் உட்கார் என்றார் அண்ணன். இவன் அண்ணன் சொன்னதைத் தவிர அத்தனையும் செய்தான். அப்படியும் மூன்றாவது சுற்றில் கை கழன்றது.

ஜெயஸ்ரீ மட்டும் வைத்தியம் சொல்லவில்லை. கை மரக்கத் தொடங்குவதற்கு முன்பிருந்தே அவள்தான் அதற்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் மனைவிதான். ரேஸ் என்றதும் இரண்டு மாசம் முகம் கொடுத்துப் பேசாதவள், ஒருநாள் அவன் மணிக்கட்டு பிசகி வீட்டுக்கு வந்த மறு ஞாயிறு, வாய் திறக்காமல், ரேஸ் வண்டியை ஏற்றிப்போகும் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பையில் அவளே கிழித்த காடாத் துணி. ஜவுளி மூட்டை கட்டுகிற வீட்டில் பிறந்தவள். அவள் கட்டிய மூட்டை தூத்துக்குடி போய்ச் சேரும்வரை ஒரு நூல் நெகிழாது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுற்றினாள். "இன்னும் இறுக்கு" என்று கேட்டவன் இவனேதான்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சவுக்கு நிழலில் இவன் கையை நீட்டுவான், அவள் கட்டுவாள். கட்டும்போது பேசுவாள். அசோக் நகர் வீட்டில் மூன்று குடும்பமும் ஒரே கூரையின் கீழ்; அங்கே அவள் அவனிடம் பேசுவதெல்லாம் காஸ் சிலிண்டர் தீர்ந்துபோனதைப் பற்றித்தான். இங்கே மண்ணில் சம்மணம் போட்டுக்கொண்டு கார் ஓட்டப் பழக ஆசை என்றாள். பெரிய மச்சினர் குறட்டை விடுவதைச் செய்து காட்டிச் சிரித்தாள். இந்தச் சிரிப்பு இத்தனை வருஷம் எங்கே கிடந்தது என்று இவனுக்கு வியப்பாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அப்புறம்தான் குழப்பம் வந்தது. தங்கை வளைகாப்புக்கு அவள் ஊருக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை கட்டில்லாமல் ஓட்டினான். ஆறு சுற்று. கை பூப்போல இருந்தது. அடுத்த வாரம் அவள் வந்தாள், கட்டினாள், மூன்றாவது சுற்றில் பழைய கல்.

"கட்டாத அன்னிக்கி சோக்கா ஓட்னே சார். அந்தக் கட்டுதான் இன்னாமோ பண்ணிக்கினு கீது" என்றான் பீர் முஹம்மது.

பரத்வாஜ் ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டிண்டுதான் ஓட்டணும் ஸார். இல்லேன்னா மறுபடி பிசகும்."

அன்று மேகமூட்டம், அதனால்தானோ? காலையில் இட்லியோடு நிறுத்திக்கொண்டோமே, அதனாலோ? அன்று போட்டி கிடையாது, மனசு லேசாக இருந்தது, அதுவாக இருக்குமோ? சேலையை மடித்து வைக்கும்போதெல்லாம் இதையே புரட்டிப் பார்த்தான். நிஜத்தில் அவனுக்குக் காரணம் தெரிய வேண்டாம். தெரிந்துவிட்டால் அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் கட்டத் தேவையில்லை. கட்டத் தேவையில்லை என்றால் அவள் எதற்கு வேனில் ஏற வேண்டும்?

கோயமுத்தூர் போட்டிக்கு இரண்டு பேரைத்தான் அழைத்துப்போவதாக ஏற்பாடு. யார் என்பதை முடிவு செய்கிற ஞாயிறும் வந்தது. சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினான். திருவான்மியூர் தாண்டும்வரை வாயில் வார்த்தை இருந்தது. நிழலில் உட்கார்ந்ததும் கை தானாக நீண்டுவிட்டது.

"ஜெயா..."

"என்ன, இறுக்கம் பத்தலையா?"

"பத்தும்" என்றான்.

நல்ல நாளாயிற்றே என்று அவளாகவே இன்னொரு சுற்று போட்டு இழுத்தாள்.

இரண்டு சுற்றுவரை இரண்டாவதாகத்தான் போய்க்கொண்டிருந்தான். மூன்றாவதில் வந்தது. கட்டைவிரல் போயிற்று. பின்னாலிருந்து ஒரு வண்டி உறுமியது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. மூட்டைக்கட்டு எப்படி இழுத்தாலும் நெகிழாது. ஆனால் முடிச்சின் வால் நுனியை இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும், அது ஜவுளிக்காரனுக்குத் தெரியும். நேரான இடத்தில் குனிந்து வலது கையின் வாலைப் பல்லால் கவ்வி இழுத்தான். அப்புறம் இடது. இரத்தம் ஊசி ஊசியாக விரலுக்குள் இறங்கியது. துணி காற்றில் நீளமாகப் பறந்து, வளைவில் விழுந்தது. அங்கேதான் அவள் நிற்பாள். எப்போதும் அங்கேதான் நிற்பாள்.

மீதிச் சுற்றுகளை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. கை கேட்டது, மனசு கேட்கவில்லை. கோட்டைத் தாண்டும்போது பக்கத்தில் இன்னொரு வண்டியும் தாண்டியது. இவன் இரண்டாவதா மூன்றாவதா என்று பரத்வாஜும் பீர் முஹம்மதும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வளைவுக்கு நடந்தான்.

ஜெயஸ்ரீ மணலில் உட்கார்ந்திருந்தாள். பொறுக்கிய துணியைத் தன் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சுற்றி, பல்லால் இழுத்து, தன் மூட்டைக்கட்டையே போட்டிருந்தாள். விரல்களை மடக்கினாள், விரித்தாள். மடக்கினாள். விரல் நுனிகள் நிறம் மாறியிருந்தன.

"முதல் நாள்லேருந்தே இப்படித்தானா?" என்றாள், நிமிராமல்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். வால் நுனி அவனுக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. அதைப் பிடிக்கக் கையை நீட்டினான். அவள் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, இன்னும் ஒரு தடவை விரல்களை மெல்ல மடக்கிப் பார்த்தாள்.